ரம்பத்தில் ரவுட்டர்: எக்செல் சொன்னதும் சொல்லாததும்

ரவுட்டர் என்றதும் உங்களுக்கு பிராட்பேண்ட் பெட்டிதான் நினைவுக்கு வரும். மரவேலையிலும் ஒரு ரவுட்டர் உண்டு. வேகமாகச் சுழலும் பிட்டைக் கொண்டு பலகையில் காடி எடுக்கும் கருவி அது. என் கம்ப்யூட்டர் மேஜையில் கேபிள்கள் தொங்காமல் இருக்க ஒரு காடி தேவைப்பட்டது. அப்படித்தான் நான் இதில் இறங்கினேன்.

வேலை நிமித்தமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வாடகை வீட்டின் கராஜில் பழைய ரேடியல் ஆர்ம் ரம்பம் ஒன்று கிடந்தது. மேஜைக்கு மேல் நீளும் இரும்புக் கையில் மோட்டாரும் ரம்பத் தகடும் தொங்கும். அமெரிக்கரான ரேமண்ட் டிவால்ட் 1925-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இது. தகட்டைக் கழற்றி, மோட்டாரைத் திருப்பினால் காடி எடுக்கலாம், உப்புத்தாள் மாட்டித் தேய்க்கலாம் என்றது அதன் கையேடு.

12 மி.மீ. பிட்டை மாட்டி, பலகையைத் தள்ளினேன். அது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அங்கேதான் என் மகளின் சைக்கிள் நின்றது. நல்ல வேளை, அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷினை அணைத்துவிட்டு எக்செல்லைத் திறந்தேன்.

நீங்களும் செய்து பாருங்கள். ஏ2 செல்லில் விட்டத்தை மி.மீட்டரிலும், பி2-ல் மோட்டாரின் ஆர்பிஎம்மையும் டைப் செய்யுங்கள். சி2-ல் சமக்குறி போட்டு இரண்டையும் பெருக்கி, 3.1416-ஆல் பெருக்கி, 60000-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விளிம்பின் வேகம் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். என் மோட்டார் 3450 ஆர்பிஎம்.

• 12 மி.மீ. பிட்: 2.2 மீட்டர். தனி ரவுட்டரின் 20000 ஆர்பிஎம்மில் இதே பிட் 12.6 மீட்டர்! அதனால்தான் ரம்ப மோட்டாரில் காடி சொரசொரப்பாக வருகிறது.
• 50 மி.மீ. உப்புத்தாள் உருளை: 9 மீட்டர். வளைந்த ஓரங்களைத் தேய்க்க ஏற்றது.
• 254 மி.மீ. உப்புத்தாள் தட்டு: 45.9 மீட்டர். விளிம்பில் அழுத்தினால் மரம் கருகும். லேசாகத் தொட்டால் போதும்.

ஆனால் பலகை பறந்ததற்குக் காரணம் வேகம் அல்ல, திசை. அதை எக்செல் சொல்லவில்லை. பிட் சுழலும் பக்கமாகவே நான் பலகையைத் தள்ளியிருக்கிறேன். இனி நான் தவறாமல் செய்பவை இவை:

1. பிளக்கைப் பிடுங்கிய பிறகே எதையும் மாட்டுவது, கழற்றுவது.
2. மோட்டார் சுழலும் திசையை அதன் மேல் அம்புக்குறியாக வரைந்து வைப்பது. பிட் மரத்தைத் தொடும் இடத்தில் எந்தப் பக்கம் நகருமோ, அதற்கு எதிராகவே பலகையைத் தள்ளுவது.
3. கை, மோட்டார் இரண்டின் பூட்டுகளையும் இறுக்குவது.
4. ஒரே மூச்சில் தோண்டாமல், ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம் மட்டும் எடுப்பது.
5. மாட்டும் பொருளில் குறித்துள்ள அதிகபட்ச ஆர்பிஎம் மோட்டாருடையதைவிடக் கூடுதலா என்று பார்ப்பது.
6. கண்ணாடியும் முகமூடியும் அணிவது. கையுறை மட்டும் கூடாது, சுழலும் தண்டு அதை இழுத்துவிடும்.

கடைசியில், காடிக்குத் தனி ரவுட்டர் வாங்கினேன். ஓரங்களைத் தேய்க்க மட்டும் பழைய ரம்பம். கேபிள்கள் இப்போது காடிக்குள் அடக்கமாக ஓடுகின்றன. மகளின் சைக்கிள் வராந்தாவுக்கு மாறிவிட்டது, கராஜுக்குப் பூட்டும் வந்துவிட்டது!