கல்யாணம் எந்த நொடியில் நடக்கிறது?

'கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர்' என்பார்கள். அந்தப் பயிரை ஒரு நொடியில் படமாகப் பிடித்து வைப்பது புகைப்படக்காரரின் வேலை. நான் புகைப்படக்காரன் அல்ல. யானைக்கவுனியில் ஒரு ஸ்டூடியோவில், முகூர்த்த நாட்களில் லைட் பிடிக்கும் பையன். இரண்டு வருடமாக லைட் பிடித்ததில் கற்ற பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நம்ம ஏரியாவின் சிறப்பு

கவுனி என்றால் வாயில். பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றியிருந்த மதிலின் ஒரு வாயில்தான் யானைக்கவுனி. மதில் போய்விட்டது, பேர் மட்டும் நிற்கிறது. இங்கிருந்து கிழக்கே நடந்தால் சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்தி, ஜைனக் குடும்பங்கள். கொத்தவால்சாவடியில் தெலுங்கு பேசும் ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேஸ்வரி கோவில். அதைத் தாண்டினால் மண்ணடியின் பள்ளிவாசல்கள். வடக்கே ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய புனித பேதுரு ஆலயம். 1910-ல் அமைந்த பார்சிகளின் அக்கினி ஆலயமும் அங்கேதான். ஒரே மாதத்தில் நாலு மதக் கல்யாணத்தில் லைட் பிடிக்கும் பாக்கியம் வேறு எந்தப் பேட்டைக்காரனுக்கும் சுலபத்தில் கிடைக்காது.

ஆவணப் பாணி என்றால் என்ன?

"கொஞ்சம் இங்க பாருங்க, சிரிங்க, தாலியை இன்னொரு தடவை கட்டுற மாதிரி பிடிங்க" என்று சொல்லி எடுப்பது பழைய பாணி. நடப்பதை நடக்கிறபடியே, யாரையும் நிறுத்தாமல் எடுப்பது ஆவணப் பாணி. ஸ்டூடியோக்களில் 'கேண்டிட்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் சின்ன லைகா கேமராவும் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸுமாக, ஃபிளாஷ் இல்லாமல், இந்த வழியில் உலகத்தையே எடுத்தவர். 1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். 1952-ல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலப் பெயருக்குத் 'தீர்மானமான தருணம்' என்று பொருள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தருணம் எது என்று தெரியாதவன் எங்கே போய் நிற்பான்?

மண்ணடியில் நான் செய்த தவறு

இதை அனுபவத்தில் கற்றேன். முதன்முதலாக ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தோம். ஸ்டூடியோ அண்ணன் மாப்பிள்ளை பக்கம் இருந்தார். "ஸ்டாண்டைத் தூக்கிட்டு சீக்கிரம் வாடா" என்றார். நானோ, மணமக்கள் ஜோடியாக மேடைக்கு வருவார்கள், தாலி மாதிரி ஏதோ கட்டுவார்கள், மேளம் மாதிரி ஏதோ சத்தம் கேட்கும் என்று மேடையில் லைட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவுகிறார்கள், பேரீச்சம்பழம் கைமாறுகிறது. கல்யாணம் முடிந்துவிட்டது! படம் இருட்டாக விழுந்திருந்தது. அண்ணன் திட்டவில்லை. "உனக்குத் தெரிஞ்ச கல்யாணத்தை இங்க தேடின. அதான் நடந்ததை நீ பாக்கல" என்றார். அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு முறையிலும் கல்யாணம் 'ஆகும்' நொடி எது என்று பெரியவர்களைக் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.

நோட்டில் எழுதியவை

தமிழ் இந்துக் கல்யாணம்: கெட்டிமேளம் கேட்டதும் தாலி. அட்சதை பறக்கும், நூறு கை குறுக்கே வரும். முன்கூட்டியே உயரமான இடம் பிடிக்க வேண்டும்.

தெலுங்குக் கல்யாணம்: முகூர்த்த நொடியில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை ஒருவர் தலையில் ஒருவர் வைக்கிறார்கள். இடையில் பிடித்த திரை விலகும் நேரம் அது. தாலி அதற்குப் பிறகுதான். தாலிக்காகக் காத்திருந்தால் முகூர்த்தம் போச்சு.

மார்வாடி, குஜராத்தி: அக்கினியைச் சுற்றும் ஃபேரா. சில சமூகங்களில் ஏழு சுற்று, சிலவற்றில் நாலு. எத்தனை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிக்காஹ்: பெண்ணின் தகப்பனாரோ வேறு பொறுப்பாளரோ, இரண்டு சாட்சிகள், மஹர், ஒப்புதல், தப்தரில் கையெழுத்து. நொடி என்பது ஒரு சொல். மணப்பெண் பெரும்பாலும் வேறு அறையில் இருப்பார். பல தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கருகமணியை மாப்பிள்ளை வீட்டுப் பெண்களே அங்கே போய்க் கட்டுகிறார்கள். அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் லென்ஸ் திரும்பக் கூடாது.

கிறிஸ்தவக் கல்யாணம்: நம் ஊரில் மோதிரமும் உண்டு, தாலியும் உண்டு. ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது. ஆகவே வாக்குறுதி சொல்லும்போது முகம் முக்கியம். பீடத்துப் படியில் ஏறக் கூடாது.

சுயமரியாதைத் திருமணம்: அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. புரோகிதர் வேண்டாம். 'இவரை ஏற்கிறேன்' என்று தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம் அல்லது தாலி கட்டலாம்.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954: மதம் மாறாமல் மணக்க விரும்புவோருக்கு. முப்பது நாள் அறிவிப்பு, பதிவு அதிகாரி முன் உறுதிமொழி, மூன்று சாட்சிகளின் கையெழுத்து. அந்தச் சின்ன அறையில் மேளம் இல்லை, பேனா சத்தம்தான்.

வெளிச்சத்தில் ஒரு கணக்கு

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் இதைச் சொல்லாமல் போனால் லேப் சார் கோபித்துக்கொள்வார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு உச்சம். அதனால் பழைய டியூப்லைட்டும் மட்டமான டிரைவர் வைத்த எல்.ஈ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/500 வைத்தால் ஒரு படம் பளிச், அடுத்த படம் மங்கல், சிலதில் குறுக்கே கறுப்புப் பட்டை. 1/100 வைத்தால் ஒரு முழு மினுக்கல் அடங்கிவிடும், பட்டை வராது. அதேபோல அக்கினியின் நிறவெப்பம் சுமார் 2,000 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5,500. ஃபேரா நடக்கும்போது வெள்ளை லைட்டை அடித்தால் தீ வெளிறிவிடும். அங்கே நான் செய்யக் கூடிய பெரிய வேலை, லைட்டை அணைப்பது.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று

நோட்டு நிறைந்த பிறகு ஒன்று கவனித்தேன். சடங்கு வேறு, மொழி வேறு, நொடி வேறு. ஆனால் சாட்சி இல்லாத கல்யாணம் எதுவுமே என் நோட்டில் இல்லை. நிக்காஹ்வில் இரண்டு சாட்சிகள். 1936-ஆம் வருடப் பார்சி திருமணச் சட்டத்திலும் இரண்டு சாட்சிகள். 1872-ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. இந்துக் கல்யாணத்தில் அக்கினியும் சாட்சி, ஊரும் சாட்சி. கேமரா பிடிக்கிறவனும் ஒரு சாட்சிதான். சாட்சி நேரத்துக்கு வர வேண்டும், சரியான இடத்தில் நிற்க வேண்டும், நடந்ததை மாற்றக் கூடாது. ஆவணப் பாணி என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இவ்வளவே.

எங்கள் வீட்டில் அப்பா அம்மா கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது. மாலையோடு இருவரும் விறைப்பாக நிற்கிறார்கள். "முப்பத்தாறு படம்தான் ரோல்ல. மேடையில வரிசையா நின்னவங்களுக்கே தீந்துபோச்சு. இது ஒண்ணுதான் நம்ம கைக்கு வந்துச்சு" என்பார் அப்பா. அம்மாவைப் பெற்ற ஆயா அன்று முழுக்கப் பந்தல் பின்னால் அடுப்படியில் இருந்தாராம். அவர் மேடை ஏறவே இல்லை. நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "உன் நெத்தி அவங்க நெத்திதான்" என்கிறார்.

போன தை மாதம் அண்ணன் முதல் தடவையாக ஒரு கேமராவை என் கையில் கொடுத்து, "பத்து நிமிஷம் உன் இஷ்டம்" என்றார். நான் நேரே அடுப்படிக்குப் போனேன். பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "எடுக்கட்டுமா பாட்டி?" என்றேன். "என்னைப் போய் எதுக்குப்பா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கேமராவை மறந்து வேலைக்குத் திரும்பும் வரை காத்திருந்து எடுத்தேன். ஆல்பத்தில் அந்தப் படத்துக்கும் இடம் கிடைத்தது.

நண்பர்களே, இன்று நம் எல்லார் கையிலும் செல்போன் கேமரா இருக்கிறது. ரோல் தீரும் கவலை இல்லை. அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது, அது எந்த மதக் கல்யாணமாக இருந்தாலும், அந்த நொடி எது என்று முதலில் கேளுங்கள். பிறகு பந்தலின் பின்பக்கமும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவர்களும் அந்தக் கல்யாணத்தின் சாட்சிகளே.

– இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு