எர்த்தைக் கழட்டாமல் சிபியைக் காப்பாற்றுவது

பைப்லைனில் சிபி (கத்தோடிக் புரொடெக்‌ஷன், குழாயின் அரிப்புத் தடுப்பு) ரீடிங் எங்கே விழும் என்று கேட்டால், டிராயிங் பார்க்காமலே மோட்டார் வால்வு இருக்கும் ஸ்டேஷன் பக்கம் என்று சொல்லிவிடுவேன். செம்பு சல்பேட் செல்லை மண்ணில் ஊன்றிப் பார்த்தால், புதைந்த இரும்புக் குழாய் மைனஸ் 0.85 வோல்ட்டாவது காட்ட வேண்டும். வயல்வெளியில் மைனஸ் 1.1 காட்டிய லைன், ஸ்டேஷன் வேலியை நெருங்கியதும் மைனஸ் 0.6-க்கு வந்து நிற்கும்.

காரணம், வால்வைத் திருப்பும் மோட்டார் ஆக்சுவேட்டரில் மாட்டியிருக்கும் பச்சை-மஞ்சள் எர்த் ஒயர். ஆக்சுவேட்டர் வால்வோடும், வால்வு குழாயோடும் போல்ட் போட்டு இறுகியிருக்கின்றன. ஒயரின் மறுமுனை செம்பு எர்த் கிரிட்டில். குழாய்க்காக டிஆர் யூனிட் (டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர்) அனுப்பும் கரண்டை, கோட்டிங் இல்லாத செம்பு வாரிக் குடித்துவிடுகிறது. டிஆர் நின்றுபோனால் இன்னும் மோசம்: செம்புக்காகக் குழாய் அரிபடத் தொடங்கும்.

"சார், அந்த எர்த்தைக் கழட்டிட்டா ரீடிங் டக்குனு ஏறிடும்" என்று எலக்ட்ரீஷியன் யாராவது சொல்வார். ஏறும்தான். ஆனால் மோட்டார் வைண்டிங் பாடியில் தட்டினால், ஹேண்ட்வீலைப் பிடித்தவர் கதி என்ன? அதுவும் கேஸ் லைனில், ஒரு பொறி போதும். கழட்டவே கூடாது.

அந்த ஒயரின் நடுவே டிகப்ளர் போடுவதுதான் வழி. சிபியின் ஓரிரு வோல்ட் டிசியை அது தடுக்கும். ஏசியையும், ஃபால்ட் கரண்டையும், இடியையும் விட்டுவிடும். முன்பு இதே வேலைக்குப் காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் ஊற்றிய போலரைசேஷன் செல் இருந்தது. கரைசல் வற்றியதா என்று எட்டிப் பார்ப்பதே தனி வேலை. இன்றைய சாலிட் ஸ்டேட் டப்பாவில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: டிசி தடுப்பு எல்லை, அந்த இடத்து ஃபால்ட் கரண்டைத் தாங்கும் அளவு, அபாயப் பகுதிக்கான சான்று. லீடுகளைக் குட்டையாக வையுங்கள். நீண்ட ஒயரில் இடி இறங்கும்போது அந்த ஒயரிலேயே பெரிய வோல்ட்டேஜ் எழும்பிவிடும். வேலை தொடங்குமுன் குழாயின் ஏசி வோல்ட்டேஜைப் பாருங்கள். ஹைடென்ஷன் லைன் கூடவே ஓடும் இடங்களில் 15 வோல்ட்டைத் தாண்டினால் வெறுங்கை வைக்காதீர்கள். பழைய இணைப்பைப் பிரிக்குமுன் தற்காலிக ஜம்பர் மாட்டிக்கொள்ளுங்கள்.

டிகப்ளர் போட்டும் ரீடிங் ஏறவில்லையா? பெரும்பாலும் ஆர்மர்டு கேபிள்தான். ஆர்மர், கிளாண்ட் வழியாக ஆக்சுவேட்டர் பாடியையும் பேனல் எர்த்தையும் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். இன்ஸ்ட்ருமென்ட் டியூப், கான்கிரீட் சப்போர்ட்டில் உரசும் கம்பி இரண்டும் அடுத்த சந்தேகம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஜீரோ செய்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தால் திருட்டு வழி தெரிந்துவிடும். சாதாரண ஏசி கிளாம்ப் இதற்கு உதவாது.

இத்தனையும் சரிசெய்து போன ஸ்டேஷனில் சிசிடிவி கம்பம் நட்ட வாரமே ரீடிங் மறுபடி விழுந்தால், அந்தக் காண்ட்ராக்டரின் எர்த் பட்டை எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். கைக்கு எட்டிய இரும்பு என்று குழாய் சப்போர்ட்டிலேயே முடுக்கிவிட்டுப் போயிருப்பார்.