பிறந்த ஊருக்குச் செய்த கைம்மாறு

அறப்பணி என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பொருளுதவிதான். ஆனால் ஈகைக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதற்கு முன்னதாகவே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்திருக்கிறார். ஈகை, இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு, தன்னை வளர்த்த ஊரோடு ஒத்து வாழ்ந்து, தன் உழைப்பின் பயனை அவ்வூருக்கும் ஆக்குவது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, கட்டட வரைபடத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், என் துறையைச் சேர்ந்த ஒருவரின் பணியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அவர் பெயர் பிரான்சிஸ் கெரே. மேற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடான புர்கினா பாசோவில், காண்டோ என்னும் சிற்றூரில் 1965ஆம் ஆண்டு பிறந்தவர். ஊர்த்தலைவரின் மூத்த மகனான அவரே அவ்வூரிலிருந்து பள்ளி சென்ற முதல் பிள்ளை. காண்டோவில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து வேற்றூரில் தங்கிப் படித்தார். விடுமுறை முடிந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் வீடு வீடாகச் சென்று விடைபெறுவது வழக்கம். அப்போது ஊர்ப் பெண்கள் தங்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசையும் அவர் கையில் வைத்து அனுப்புவார்களாம். 2013இல் ஆற்றிய ஓர் உரையில் இதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் காசுதான் இக்கட்டுரையின் கரு.

கடன் தீர்த்த விதம்

தச்சுத் தொழில் பயில உதவித்தொகை பெற்று 1985இல் ஜெர்மனிக்குச் சென்ற கெரே, பின்னர் பெர்லினில் கட்டடக் கலை படித்தார். பட்டம் பெற்றது 2004இல். ஆனால் பட்டம் வரட்டும், செல்வம் சேரட்டும், பிறகு ஊருக்குச் செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. மாணவராக இருந்தபோதே, 1998இல், காண்டோவில் பள்ளி கட்டுவதற்கென ஓர் அறநிதியைத் தொடங்கினார். காப்பிக்கும் சிகரெட்டுக்கும் செலவழிக்கும் காசை இதற்குத் தாருங்கள் என்று உடன் படித்தவர்களிடம் கேட்டார். இரண்டே ஆண்டுகளில் சுமார் 50,000 அமெரிக்க டாலர் சேர்ந்தது. சிறு துளிகள் எவ்வளவு செய்யும் என்பதை நம் நன்கொடையாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வந்தது, எதைக் கொண்டு கட்டுவது? அவர் படித்த வகுப்பறை சிமெண்டால் ஆனது. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அடைந்து கிடந்த அந்த அறை அடுப்பைப் போல் கொதிக்கும். எனவே ஊரில் தாராளமாகக் கிடைக்கும் களிமண்ணைத் தேர்ந்தெடுத்தார். ஊரார் ஏற்கவில்லை. ஒரு மழைக்காலத்துக்கே தாங்காத மண்ணால் கட்டவா இத்தனை ஆண்டு ஐரோப்பாவில் படித்தாய் என்று கேட்டார்கள். அவர் வாதாடவில்லை. களிமண் கல்லால் ஒரு சிறு வளைவு கட்டி, அதன் மேல் தாமே ஏறி நின்று குதித்துக் காட்டினார். ஊர் நம்பியது.

களிமண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து கற்கள் அறுக்கப்பட்டன. உட்கூரையும் களிமண் கற்களால் அமைந்தது. அதற்கு மேல், மெல்லிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்த சட்டங்களில் தகரக் கூரை உயர்த்தி வைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று ஓடுவதால் வெப்பம் வெளியேறிவிடும். சுவர்களுக்கு வெளியே நன்றாக நீண்ட கூரை மழையையும் வெயிலையும் தடுக்கும். நம் நாட்டில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் தகரக் கூரைக்குக் கீழ் நண்பகலில் படித்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

பள்ளி 2001இல் கட்டி முடிந்தது. பிள்ளைகள் கல் சுமந்தார்கள். பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தரையை மணிக்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிப் பளபளப்பாக்கினார்கள். நாம் கோத்தோங் ரோயோங் என்று சொல்வதும், அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திக் காட்டியதும் இந்த உடலுழைப்பைத்தானே!

பள்ளியோடு நிற்கவில்லை

அப்பள்ளி 2004இல் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்றது. 2005இல் கெரே பெர்லினில் தம் சொந்த வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரும் தொழிலும் வளர்ந்த பின்னும் காண்டோவை மறக்கவில்லை. ஆசிரியர் குடியிருப்பும் பள்ளி விரிவாக்கமும் அடுத்தடுத்து வந்தன. நூலகத்தின் கூரைக்கு ஊர்ப் பெண்களின் மண்பானைகளே பயன்பட்டன. அவற்றின் அடியை அறுத்துக் கூரையில் பதித்தார்கள். அவ்வழியே வெளிச்சம் வரும், வெப்பம் போகும். 120 பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளியில் மாணவர் தொகை 700 ஆக உயர்ந்தது. 2022இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது கெரேவைத் தேடி வந்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

ஆயினும் என் கண்ணுக்குப் பெரிதாகப்படுவது விருதன்று. கல்லறுக்கவும் சுவரெழுப்பவும் கம்பி பற்றவைக்கவும் கற்றுக்கொண்ட காண்டோ இளைஞர்கள், பிற ஊர்களிலும் கூலி பெற்று வேலை செய்யும் தொழிலாளர்களானார்கள். பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் ஊருக்கு ஒரு கட்டடம் கிடைத்திருக்கும். தொழிலையும் சேர்த்துக் கொடுத்ததால் ஊருக்குப் பிழைப்பும் கிடைத்தது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

முதலாவது, கொடுப்பவர் தம்மிடம் எது சிறந்ததோ அதைக் கொடுக்க வேண்டும். நம்மிடையே கணக்கர், மின்பணியாளர், மருத்துவர், ஆசிரியர் எனப் பலர் இருக்கின்றனர். அவர்களுடைய ஒரு சனிக்கிழமை, சில வேளைகளில் காசோலையைவிட மதிப்புடையது.

இரண்டாவது, பெறுபவரின் கையும் பணியில் சேர வேண்டும். பிறர் கட்டிக் கொடுத்த மண்டபத்தில் ஓர் ஓடு உடைந்தால், கொடுத்தவர் மறுபடி வரட்டும் என்று காத்திருப்போம். நாமே சுமந்த கல்லென்றால் நாமே ஏணி வைத்து ஏறுவோம்.

மூன்றாவது, நல்ல யோசனையாயினும் ஊரார் ஐயுற்றால் கோபிக்கலாகாது. செய்து காட்ட வேண்டும்.

இனி ஒரு மண்டபத்துக்கோ மாணவர் வகுப்புக்கோ நன்கொடை வழங்கும் அன்பர்கள், எவ்வளவு செலவாகும் என்று கேட்பதோடு, இப்பணி முடியும்போது நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு தொழிலைக் கற்றிருப்பார்கள் என்றும் கேட்பார்களாக. முந்தானையில் முடிந்த காசு காண்டோவில் பள்ளியாக முளைத்தது. நாம் இடும் காசும் அவ்வாறே முளைக்க வேண்டும் என்பதே அடியேனின் வேண்டுகோள்.