இருதயத்தில் வரப்பிடும் இடுக்கி

தோற்றுவாய்

திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டென்பதும், அவை ஓராண்டின் நாட்களைக் குறிக்குமெனப் பெரியோர் கூறுவதும் யாவரும் அறிந்தவை. ஆடிக் கிருத்திகையன்று கே.ஜி.கண்டிகை முதலிய அண்டை ஊர்களிலிருந்து வந்து அப்படிகளில் ஏறுவோர் பலர். உடல்நலமுடைய ஒருவர் ஏறுங்கால் அவருடைய நாடி விரைந்து துடிக்கும். உச்சியிற் சிறிது அமர்ந்தவுடன் பழைய நிலைக்கு மீளும். எவ்வளவு விரைந்தாலும் அதன் தாளம் பிறழ்வதில்லை. வேறு சிலர்க்கோ இருபது படி ஏறுமுன்னரே மூச்சு முட்டுகின்றது. அவர்தம் நாடியைத் தொட்டுப் பார்ப்பின், ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே ஒழுங்கென்பதே காணப்படாது.

இத்தகைய ஒழுங்கின்மைக்குப் பெரும்பாலும் காரணமாவது ஏட்ரியல் பிப்ரிலேஷன் என மருத்துவர் கூறும் நோய். இதனை யாம் மேலறை நடுக்கம் என வழங்குவோம். இந்நடுக்கத்தை ஓர் இடுக்கியைக் கொண்டு அடக்கும் அறுவை முறையும், அதன் உட்பொருளும், நம் நாட்டு அறுவை மருத்துவர் அதிற் கொண்ட பங்கும் இக்கட்டுரையிற் கூறப்படும். மருத்துவம் பயிலாத மாணவரும் இதனை எளிதில் உணரலாம். வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பார்த்திருந்தாற் போதும்.

இருதயத்தின் ஒழுங்கு

இருதயம் மேலறை இரண்டும் கீழறை இரண்டும் ஆக நான்கு அறைகளை உடையது. வலது மேலறையின் உச்சியில் சிறியதொரு தசைமுடிச்சு உண்டு. கீத், பிளாக் என்னும் இருவர் 1907-ல் இதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை இம்முடிச்சில் ஒரு மெல்லிய மின்னலை தோன்றி, மேலறைகள் முழுவதும் பரந்து, அவற்றைச் சுருங்கச் செய்கின்றது. பின்னர் அவ்வலை இருதயத்தின் நடுவேயுள்ள மற்றொரு முடிச்சை அடைகின்றது. ஜப்பானியராகிய தவாரா 1906-ல் விளக்கிக் காட்டியது இதுவே. அது மின்னலையைச் சிறிது தாமதித்துக் கீழறைகளுக்கு விடுகின்றது. மேலறை சுருங்கிக் கீழறை நிறைந்த பின்னரே கீழறை சுருங்குதல் வேண்டும், அதற்கே இத்தாமதம். வாய்க்காலில் வந்த நீரை மடையில் நிறுத்தி, வேண்டும்போது திறந்துவிடும் உழவனது செயலோடு இதனை ஒப்பிடலாம்.

ஒழுங்கு பிறழ்தல்

மேலறை நடுக்கத்தில் மின்னலை ஒரு வழியே செல்வதில்லை. பல அலைகள் சுழன்று, ஒன்றையொன்று துரத்தி, நிமிடத்திற்கு 350 முதல் 600 முறை வரை மேலறைத் தசையைத் தூண்டுகின்றன. தசை சுருங்குவதற்கு மாறாக நடுங்குகின்றது. நடுமுடிச்சு தன்னாலியன்றவரை இவ்வலைகளைத் தடுப்பினும், ஒழுங்கற்றுச் சில கீழறைகளுக்குச் செல்கின்றன. நாடி தாளம் தவறுகின்றது.

இவ்வலைகள் தோன்றும் இடமும் அறியப்பட்டது. பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்து மருத்துவர் ஹைசாகேர் என்பாரும் அவர்தம் தோழரும், நுரையீரலினின்று இடது மேலறைக்கு இரத்தம் கொணரும் சிரைகளின் வாயிலிலிருந்தே இத்தூண்டுதல்கள் பெரும்பாலும் எழுகின்றன என்பதை 1998-ல் காட்டினர்.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும்; தேங்கிய இரத்தம் உறையும். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற சிறு பையொன்று உண்டு. உறைகட்டிகள் பெரும்பாலும் அதனுட் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று பெயர்ந்து மூளைக்குச் செல்லுமாயின் பக்கவாதம் உண்டாகும். அமெரிக்காவிலுள்ள பிரேமிங்காம் என்னும் ஊரில் நெடுங்காலம் நடந்த ஆராய்ச்சியின் பயனாக 1978-ல் வெளியிடப்பட்ட கணக்கு இங்கு நினைக்கத்தக்கது. வால்வுப் பழுதில்லாமல் இந்நடுக்கமுடையார்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரினும் ஐந்து மடங்கு; வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்று நடுக்கமும் உடையார்க்கோ பதினேழு மடங்கு.

நம் நாட்டிற்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. மேனாடுகளில் இந்நோய் பெரும்பாலும் முதுமையின் துணைவன். நம் நாட்டிலோ வாதக் காய்ச்சலின் விளைவாக இளம்பருவத்தினரையும் பற்றுகின்றது. சிறுவயதில் தொண்டையிற் புண். சில வாரங்கட்குப்பின் காய்ச்சலும் மூட்டுவலியும். அவை நீங்கியபின் எல்லாம் நலமென்று பெற்றோர் எண்ணுவர். ஆனால் இருதயத்தின் ஈரிதழ் வால்வு சிறுகச் சிறுகத் தடித்துக் குறுகும். அதன் பின்னுள்ள இடது மேலறை விரிந்து வீங்கும். விரிந்த அறையில் நடுக்கம் குடிபுகும்.

வெட்டித் தைத்த வழி

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஒரு புதுமுறையைக் கையாண்டார். மேலறைச் சுவரைக் குறித்த கோடுகளில் வெட்டி மீண்டும் தைத்தார். தைத்த இடம் ஆறித் தழும்பாகும். தழும்பின் வழியே மின்னலை செல்லாது. முதல் முடிச்சினின்று நடுமுடிச்சுக்குச் செல்ல ஒரே வழி திறந்திருக்கும். ஏனைய வழிகளெல்லாம் முட்டுச்சந்துகளாக முடியும். சுழன்று திரிதற்கு இடமின்மையால் நடுக்கம் அடங்கும். உட்புகுந்தோரை மயக்கும் சுற்றுவழிக் கட்டடத்தை ஆங்கிலேயர் மேஸ் என்பர். அப்பெயரே இம்முறைக்கும் வழங்கலாயிற்று.

வயலில் வரப்பிட்டு நீரைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பது போன்றது இது. முறை சிறந்ததாயினும் செய்தற்கு அரிது. இருதயத்தை நீண்ட நேரம் நிறுத்திவைத்தல் வேண்டும். வெட்டிய இடமெல்லாம் இரத்தம் கசியும். ஆகவே கைதேர்ந்த சிலரே இதனை மேற்கொண்டனர்.

வெட்டாமல் சுட்டால் என்ன?

தழும்பே வேண்டுவதாயின் வெட்டுவானேன்? வெப்பத்தால் சுட்டாலும் தழும்பு உண்டாகுமன்றோ? தசையின் வெப்பம் ஏறக்குறைய 50 பாகை சென்டிகிரேடைத் தாண்டின் அதன் உயிரணுக்கள் மடிகின்றன. வானொலி அலைகளைப் போல் மிக விரைந்து மாறும் மின்சாரத்தைத் தசையிற் செலுத்தி இவ்வெப்பத்தை உண்டாக்கலாம்.

முதலிற் செய்யப்பட்ட கருவிகளுட் பல எழுதுகோல் போன்ற ஒற்றைமுனை உடையன. அவற்றில் மூன்று குறைகள் காணப்பட்டன. முதலாவது, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின் வெளிப்புறத்தில் முனையை வைத்துச் சுட்டால், உள்ளே ஓடும் இரத்தம் வெப்பத்தை வாங்கிச் சென்றுவிடும். சுவரின் உட்புறம் சுடப்படாமல் நிற்கும். இரண்டாவது, கோட்டின் இடையே சிறிது இடம் விடுபட்டுப்போதல். மூன்றாவது, வெப்பம் அப்பாற் சென்று அண்டையிலுள்ள உணவுக்குழலைப் புண்படுத்தல். இத்தகைய தீங்குகளும் நேர்ந்துள்ளன. வரப்பில் ஒரு நண்டுவளை இருந்தால் இரவோடு இரவாக நீர் அடுத்த பாத்திக்குப் போய்விடுவதை உழவர் அறிவர். அவ்வாறே தழும்புக் கோட்டில் நூலளவு உயிருள்ள தசை எஞ்சினும் மின்னலை அதன்வழிப் புகுந்துவிடும்.

மும்பையில் நிகழ்ந்தது

ஒரு முனைக்கு மாறாக இரண்டு முனைகளை வைத்து, அவற்றின் இடையே மட்டும் மின்சாரம் ஓடச் செய்தால் வெப்பம் அவ்விடத்திலேயே அடங்கும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பட்வர்தன் என்னும் அறுவை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இவ்வழியைத் தேர்ந்தனர். வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோர்க்கு அறுவை செய்யும்போதே, காக்ஸின் வெட்டுக்களுக்குப் பதிலாக இருமுனைக் கருவியால் சுட்டுத் தழும்பிட்டு, அதன் பயனை 1997-ல் ஐரோப்பிய இருதய நெஞ்சறுவை இதழில் வெளியிட்டனர். நம் நாட்டு நோயாளரின் தேவையே அவர்தம் முயற்சிக்கு இலக்காயிருந்தது என்பதை மாணவர் மனத்திற் கொள்ளுதல் நன்று.

இடுக்கியின் வரவு

இக்கருத்தின் முதிர்ந்த வடிவமே இப்போது வழங்கும் இடுக்கி. அடுப்பினின்று பாத்திரத்தை இறக்கும் இடுக்கியைப் போன்று இதற்கும் இரண்டு தாடைகள் உண்டு. நுரையீரற் சிரைகள் மேலறையிற் சேருமிடத்தை அத்தாடைகளின் நடுவே வைத்து அழுத்துவர். அழுத்தியவுடன் இடையிலுள்ள இரத்தம் பிதுங்கி விலகுகின்றது. வெப்பத்தை வாங்கிச் செல்ல ஒன்றுமில்லை. சுவரின் இருபுறமும் ஒருங்கே பிடிக்கப்படுவதால் தசை முழுக்கனத்திற்கும் சுடப்படுகின்றது. மின்சாரம் தாடைக்குத் தாடை ஓடுவதேயன்றி உணவுக்குழற் பக்கம் பரவுவதில்லை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. வெந்த தசை மின்சாரத்தை முன்போற் கடத்தாது. கருவி அக்கடத்தும் திறனை இடைவிடாது அளந்து, அது குறைந்து நிலைத்தவுடன் அறிவிக்கின்றது. ஒரு முறை சுடச் சில வினாடிகளே செல்லும். ஆயினும் ஒரு முறையோடு அமையாது பன்முறை சுடுதலும், தாடையிற் படிந்த கரியை இடையிடையே துடைத்தலும் தேர்ந்தோர் வழக்கம். பின்னர்ச் சிரையின் பக்கத்தில் சிறு மின்தூண்டுதல் கொடுத்துப் பார்ப்பர். இருதயம் அதற்கு இணங்கித் துடிக்கவில்லையாயின் அவ்விடத்து வரப்பு முழுமையுற்றது என்று தெளிவர்.

செயின்ட் லூயிஸ் நகரத்து ரால்ப் டாமியானோ 2002-ல் இவ்விடுக்கியைக் கொண்டு காக்ஸின் வெட்டுக்களிற் பெரும்பாலானவற்றை நீக்கினார். அது நான்காம் மேஸ் எனப்படும். வால்வின் ஓரம் போன்று இடுக்கி எட்டாத இடங்களில் மிகு குளிரூட்டும் கோலால் தசையை உறையச் செய்வர். ஏட்ரிக்யூர் என்னும் நிறுவனத்தாரின் இடுக்கிக்கு அமெரிக்க அரசு 2011 டிசம்பரில் இந்நோய்க்கெனவே ஒப்புதல் அளித்தது.

பயனும் வரம்பும்

பயனை மிகைப்படுத்திக் கூறுதல் ஆகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஈரிதழ் வால்வு அறுவை செய்துகொண்ட 260 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. தழும்பிடும் அறுவையும் சேர்த்துப் பெற்றவருள் 63 விழுக்காட்டினரும், பெறாதவருள் 29 விழுக்காட்டினரும், ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் நடுக்கமின்றி இருந்தனர். ஆனால் தழும்பிடப்பட்டவர்க்கே செயற்கைத் துடிப்புக்கருவி வைக்க வேண்டிய நிலை மிகுதியாக நேர்ந்தது. அன்றியும், நெடுநாள் வீங்கி நைந்த மேலறையில் இம்முறை அவ்வளவு எளிதிற் பலிப்பதில்லை.

காதுமடற் பையை அறுவையின்போதே அடைத்துவிடுதலால் பக்கவாதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 4,770 பேரைக் கொண்ட மற்றோர் ஆராய்ச்சி 2021-ல் காட்டிற்று. ஆயினும் மருந்தை விட்டுவிடலாகாது. வாதக் காய்ச்சலால் வந்த நடுக்கத்திற்குப் புதிய மருந்தினும் பழைய வார்பரினே ஏற்றதென்பது, டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து கார்த்திகேயன் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியால் 2022-ல் உறுதியாயிற்று.

முடிவுரை

இவ்விடுக்கி ஒரு நோயாளருக்கு ஒரு முறையே பயன்படுத்துவதற்கென ஆக்கப்படுவது. அதன் விலை ஏழைக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் கழகத்தில் வலியத்தான் என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்ட செயற்கை வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதல் ஒருவருக்குப் பொருத்தப்பட்டு, பின்னர்ப் பல்லாயிரவர்க்கு எட்டும் விலையில் கிடைத்தது. வால்வுக்கு ஆனது இடுக்கிக்கு ஆகாதென்பதில்லை. பௌதிகமும் பொறியியலும் பயிலும் நம் மாணவர்க்கு இது தக்கதொரு பணி.

அதனினும் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கே.ஜி.கண்டிகையிலோ வேறெவ்வூரிலோ, தொண்டைப்புண் கண்ட சிறுவனுக்கு உரிய காலத்திற் பெனிசிலின் கிடைக்குமாயின், வாதக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஒருமுறை அக்காய்ச்சல் கண்டவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல்லாண்டுகள் தவறாது போடுதல் வேண்டும். பள்ளி மாறும்போதும், பிழைப்புக்காக ஊர் பெயரும்போதும் இவ்வூசி நின்றுபோவதே வழக்கமாயிருக்கின்றது. ஆசிரியராகவும் செவிலியராகவும் கிராமங்கட்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள், தம் பொறுப்பிலுள்ள பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் அவ்வூசி இடையில் நின்றுபோகாமற் பார்த்துக்கொள்வாராயின், அப்பிள்ளைக்குப் பிற்காலத்தில் இவ்விடுக்கியே வேண்டாததாகக்கூடும்.