தமிழ் நிரலுக்கு நிறம் பிரிப்பது எப்படி?
விக்கிரவாண்டி வகுப்பிலிருந்து ஒரு செய்முறை

விக்கிரவாண்டியில் மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தமிழ்வழியில் படிப்பவர்கள். அதனால் முதல் பாடத்தை ‘எழில்’ மொழியில் தொடங்குவேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழிலில் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதலாம். ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும், ‘ஆனால்’ என்றால் நிபந்தனை பார்க்கும், ‘முடி’ என்றால் அந்தப் பகுதி முடியும்.

பாடத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தபோது ஒன்று புரிந்தது. எல்லாம் ஒரே கறுப்பில், ஒரே தடிமனில் இருந்தால் எது கட்டளை, எது நாம் வைத்த பெயர், எது மேற்கோளுக்குள் இருக்கும் வாசகம் என்று பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. ஆங்கில நிரலுக்குத் திரையில் நீலமும் பச்சையும் தானாக வருகின்றன. தமிழ் நிரலுக்கும் அது வரவேண்டும், வரவைக்கவும் முடியும். அதற்கான வழியைப் படிப்படியாகத் தருகிறேன்.

இதற்கு நான் பயன்படுத்துவது ‘பிக்மென்ட்ஸ்’ என்ற பைத்தான் நூலகம். 2006இல் கேயோர்க் பிராண்டல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விக்கிப்பீடியாவின் பக்கங்களில் நிரல் துண்டுகளுக்கு நிறம் கொடுப்பதும் இதுதான். 2016இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து எழில் மொழியையும் இது அறியும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் எழுத்தில் எழுதும் மொழி ஒன்றும் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

எங்கள் ஊர் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கார், பேருந்து, லாரி என்று வகை பார்க்கிறார்கள். வகைக்கு ஏற்ற கட்டணம் விழுகிறது. வகை தெரியாமல் எந்த வண்டியும் கடப்பதில்லை.

பிக்மென்ட்ஸும் அப்படித்தான். வகை பார்ப்பது ‘லெக்சர்’. நிரலை முதல் எழுத்திலிருந்து படித்துக்கொண்டே போய், இது கட்டளைச் சொல், இது பெயர், இது எண், இது வாசகம் என்று துண்டு போடும். அந்தத் துண்டுக்கு ‘டோக்கன்’ என்று பெயர். எந்த வகைக்கு என்ன நிறம், என்ன தடிமன் என்று சொல்வது ‘ஸ்டைல்’. கடைசியில் அதை வலைப்பக்கமாகவோ வேறு வடிவிலோ எழுதித் தருவது ‘ஃபார்மாட்டர்’. தவறு வரும்போது இந்த மூன்றில் எங்கே வந்தது என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: நிறுவுங்கள்

கணினியில் பைத்தான் இருக்க வேண்டும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘பிப் இன்ஸ்டால் பிக்மென்ட்ஸ்’ என்று கொடுங்கள். இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெயரின் தொடக்கம் பி, ஒய், ஜி என்று வரும். நிறுவும்போது மட்டும் இணையம் தேவை. அதன்பின் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

படி 2: நிரலைச் சேமியுங்கள்

ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக வைத்தவை.

# சுங்கச்சாவடி வண்டிக் கணக்கு
நிரல்பாகம் வண்டி_எண்ணு( வரிசை, நிமிடம் )
    முடிவு = வரிசை * நிமிடம் * 4
    பின்கொடு முடிவு
முடி

பதிப்பி "மொத்த வண்டிகள்:", வண்டி_எண்ணு( 6, 10 )

இதை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில், எழில் கோப்புகளுக்கு உரிய ‘.என்’ என்ற ஓரெழுத்துப் பின்னொட்டுடன் சேமியுங்கள். வேர்ட் போன்ற மென்பொருளில் எழுத வேண்டாம். அது நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். வளைந்த மேற்கோளை எழில் லெக்சர் அறியாது. அறியாத எழுத்தைப் ‘பிழை’ என்று குறித்து, வழக்கமான ஸ்டைலில் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். மேற்கோளை மூட மறந்தாலும் அதே கட்டம் வரும். கட்டத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று அது விரல் நீட்டிக் காட்டுகிறது.

படி 3: நிறம் பிரியுங்கள்

பிக்மென்ட்ஸுடன் ‘பிக்மென்டைஸ்’ என்ற கட்டளையும் வந்திருக்கும். அதற்குப் பின் வரிசையாக இவற்றைக் கொடுங்கள்:

• ‘-எல் எழில்’ – எந்த மொழி என்று சொல்ல.
• ‘-எஃப் எச்டிஎம்எல்’ – வலைப்பக்கமாக வேண்டும் என்று சொல்ல.
• பெரிய எழுத்து ‘-ஓ’, அதன்பின் ‘ஃபுல், லைன்நோஸ்=இன்லைன், என்கோடிங்=யுடிஎஃப்-8’ – முழுப் பக்கம், வரி எண், குறியாக்கம் ஆகியவற்றுக்கு. இவற்றுக்கு இடையே காற்புள்ளி மட்டும் போடுங்கள், இடைவெளி விடாதீர்கள்.
• சிறிய எழுத்து ‘-ஓ’, அதன்பின் வெளிவர வேண்டிய கோப்பின் பெயர்.
• கடைசியில் உங்கள் நிரல் கோப்பு.

பெரிய ஓவும் சிறிய ஓவும் வேறு வேறு வேலை செய்பவை. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

மொழியின் பெயரை எப்போதும் நீங்களே கொடுங்கள். லெக்சரைத் தானாக ஊகிக்கவிடும் வசதியும் உண்டு. ஆனால் எழிலைப் பொறுத்தவரை அந்த ஊகம், கோப்பில் பத்துக்கு மேல் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதுதான். பைத்தான் நிரலில் தமிழ் வாசகங்கள் நிறைய இருந்தால் அதையும் எழில் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

படி 4: ஜெராக்ஸ் கடைக்கு ஏற்ப மாற்றுங்கள்

திரையில் பார்க்க வண்ணம் அழகு. ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு வண்ண அச்சு கட்டுப்படியாகாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீலமும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். இதற்கென்றே ‘பிடபிள்யூ’ என்ற ஸ்டைல் இருக்கிறது. பெரிய ‘-ஓ’ பட்டியலில் ‘ஸ்டைல்=பிடபிள்யூ’ என்று சேருங்கள். கட்டளைச் சொற்கள் தடித்து வரும், குறிப்புகளும் வாசகங்களும் சாய்ந்து வரும்.

சாய்வெழுத்து ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் சுழிகளும் கொம்புகளும் ஒருபக்கம் சரிந்து, பொடி எழுத்தில் படிக்கச் சிரமமாகும். அதனால் நான் சிறிய ஸ்டைல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். பைத்தானில் ‘ஸ்டைல்’ வகுப்பிலிருந்து புதிய வகுப்பு ஒன்றை உருவாக்கி, மூன்றே வரிகள்: கட்டளைச் சொல்லுக்குத் தடிமன், வாசகத்துக்கு அடிக்கோடு, குறிப்புக்குச் சாம்பல் நிறம். பைத்தான் நிரலிலிருந்து ஃபார்மாட்டரை அழைக்கும்போது அந்த வகுப்பை ‘ஸ்டைல்’ மதிப்பாகக் கொடுத்தால் போதும்.

வெளிவந்த பக்கத்தை உலாவியில் திறந்து, அச்சிடும் பெட்டியில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதைக் கடைக்குக் கொண்டு போங்கள். பிக்மென்ட்ஸ் நேரடியாகப் படமாகவும் தரும், ஆனால் தமிழுக்கு அதை நாட வேண்டாம். படம் வரையும் நூலகம் எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வசதியில்லாமல் நிறுவப்பட்டிருந்தால், ‘கொ’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். உலாவி அந்தத் தவறைச் செய்யாது.

படி 5: பாதிச் சொல் தடித்தால்

எங்கள் வகுப்புக்கென்று சில சொற்களையும் தடித்துக் காட்ட விரும்பி, நானே ஒரு லெக்சர் எழுதினேன். அதில் அச்சடித்த தாளைக் கொடுத்த அன்று ஒரு மாணவி விரலை வைத்துக் கேட்டாள்: “அண்ணா, ‘முடிவு’ன்ற பேர்ல பாதி மட்டும் ஏன் தடியா இருக்கு?”

பார்த்தால் ‘முடி’ தடித்தும், ‘வு’ மெலிந்தும் நின்றன. கட்டளைப் பட்டியலில் ‘முடி’ இருக்கிறது. நான் எழுதிய விதி, சொல் அங்கேயே முடிகிறதா என்று பார்க்கவில்லை. ‘செய்தி’ என்று பெயர் வைத்தால் ‘செய்’ தடிக்கும். ‘தொடர்வண்டி’யில் ‘தொடர்’ தடிக்கும். ‘ஆகாயம்’ என்று வைத்தால் இன்னும் மோசம். ‘ஆக’ தனியே பிரிந்து, கால் மட்டும் அடுத்த துண்டில் அநாதையாக நிற்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு எளிய வழி உண்டு. தேடல் விதியின் முடிவில் பின்சாய்கோடும் ‘பி’ என்ற எழுத்தும் போட்டால் சொல் எல்லையைக் காட்டும். தமிழில் அதை நம்ப முடியாது. பைத்தானின் தேடல் விதிகள் புள்ளியையும் கால், கொம்பு, சுழிகளையும் எழுத்தாக எண்ணுவதில்லை. ‘நீளம்’ என்ற சொல் புள்ளியில் முடிகிறது. அதற்கு அடுத்து அடைப்புக்குறி வந்தால், இரண்டுமே அதன் கணக்கில் எழுத்து இல்லை. எனவே எல்லையும் இல்லை என்று விட்டுவிடும்.

தமிழுக்கு எல்லையை நாமே வரைய வேண்டும். இப்படி:

(?:பதிப்பி|நிரல்பாகம்|பின்கொடு|இல்லைஆனால்|இல்லை|ஆனால்|தொடர்|செய்|வரை|ஆக|முடி)(?![ஃ-௺0-9_])

பின்பாதி சொல்வது இதுதான்: சொல்லுக்கு அடுத்து ஃ முதல் ௺ வரை எந்தத் தமிழ்க் குறியும், எண்ணும், அடிக்கோடும் வரக்கூடாது. யூனிகோடு வரிசையில் ஆய்தம் அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. அதிலிருந்து தொடங்கினால் உயிர், மெய், கால், கொம்பு, புள்ளி எல்லாம் உள்ளே அடங்கிவிடும். பெயர்களில் ஆங்கில எழுத்தும் கலப்பீர்கள் என்றால் அந்த வரிசையையும் சதுர அடைப்புக்குள் சேருங்கள். முன்பக்கம் எல்லை தேவையில்லை. லெக்சர் இடமிருந்து வலமாக ஒரு பெயரை முழுதாக விழுங்கிக்கொண்டே வருவதால், நடுவில் இருக்கும் ‘முடி’யை அது தனியே பார்க்காது.

இதற்காக முழு லெக்சரையும் எழுத வேண்டாம். ‘எழில்லெக்சர்’ வகுப்பிலிருந்து ‘கஸ்டம்லெக்சர்’ என்ற புதிய வகுப்பை உருவாக்கி, ‘கீவேர்ட்ஸ்’ பகுதியை மட்டும் மேலே உள்ள விதியால் மாற்றுங்கள். மற்றவை மூல வகுப்பிலிருந்து தானாக வரும். பட்டியலில் நான் சில சொற்களை மட்டும் காட்டியிருக்கிறேன். மூலப் பட்டியலில் உள்ள மற்றச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ‘-எல்’ என்பதற்குப் பின் இந்த வகுப்பை எழுதிய பைத்தான் கோப்பின் பெயரைக் கொடுத்து, ‘-எக்ஸ்’ என்று சேர்த்தால் பிக்மென்டைஸ் அதை எடுத்துக்கொள்ளும். ‘-எக்ஸ்’ அந்தக் கோப்பை அப்படியே இயக்கும். எனவே நம்பிக்கையான கோப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 6: கண்ணுக்குத் தெரியாத கொம்பு

சில சமயம் ‘பின்கொடு’ தடிக்காமல் போகும். எழுத்தில் பிழையே தெரியாது. காரணம், ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாக, அல்லது ககரம், கொம்பு, கால் என்று தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு. ஒவ்வொருவர் விசைப்பலகையும் ஒவ்வொரு விதமாக எழுதும். ‘தொடர்’, ‘ஒவ்வொன்றாக’ ஆகிய சொற்களுக்கும் இதே சிக்கல்தான்.

பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு உண்டு. ‘என்எஃப்சி’ என்ற முறையில் அதை ஒருமுறை ஓட்டினால் பிரிந்த கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேரும். நிறம் பிரிக்கும் முன் மாணவர்களின் கோப்புகள் எல்லாவற்றையும் இதில் போட்டு எடுப்பது என் வழக்கம்.

படி 7: சோதனைத் தாள் ஒன்று வையுங்கள்

நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘-எஃப் ரா’ என்று கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் அதன் வகையோடு ஒரு வரியாக வரும். ‘முடிவு’ ஒரே வரியில், பெயர் என்ற வகையில் வந்தால் சரி. இரண்டு வரியாக வந்தால் விதி தவறு. பிக்மென்ட்ஸுடன் வரும் லெக்சரோ, நாமே எழுதியதோ, எதுவானாலும் இந்தச் சோதனை பொருந்தும்.

இதற்காக ஒரு கோப்பைத் தனியே வைத்திருக்கிறேன். அதில் முடிவு, செய்தி, வரைபடம், தொடர்வண்டி, ஆகாயம், இல்லைஆனால் என்று மாட்டிக்கொள்ளக்கூடிய சொற்களாகச் சேர்த்திருக்கிறேன். விதியை எப்போது தொட்டாலும் முதலில் அந்தக் கோப்பை ஓட்டிப் பார்ப்பேன். அதன் முதல் வரியில் இருப்பது அந்த மாணவி விரல் வைத்துக் காட்டிய ‘முடிவு’. இப்போது தாளில் அந்தச் சொல் முழுதாக மெலிந்து நிற்கிறது. இரண்டு வரி கீழே ‘முடி’ தடித்து நிற்கிறது. நிரல் எங்கே முடிகிறது என்று நான் சொல்லாமலே பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.