ரேஷன் அட்டை எங்கே?

பொழுது விடிந்தது. பல வீடுகளில் தேடல் தொடங்கிவிட்டது.

“சீப்பு எங்கே?”
“என் நோட்டை யார் எடுத்தது?”
“தீப்பெட்டியைக் காணோமே!”
“ரேஷன் அட்டையை எங்கே வைத்தாய்?”

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்பவர் ஒருவர்தான். அவர் அந்த வீட்டுப் பெண். உலை கொதிக்கிறது. குழந்தை அழுகிறது. இதற்கு நடுவே அவரே ஓடி எடுத்துத் தருகிறார்.

அவருக்குக் காய்ச்சல் வந்தால்? உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அன்று அடுப்பே எரியாது.

2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். அதாவது ஏறக்குறைய 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம்தான்.

இந்தச் சுமையைக் குறைக்க முடியுமா? முடியும். பெரிய வீடு வேண்டாம். பணமும் வேண்டாம்.

பொருளுக்கு ஓர் இடம்

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வையுங்கள். எடுத்த பொருளை அதே இடத்தில் திரும்ப வையுங்கள். சாவிக்கு ஓர் ஆணி போதும். பள்ளிப் பைக்கும் ஓர் ஆணி போதும். டார்ச் விளக்கு இருட்டிலும் கைக்கு எட்ட வேண்டும். தீப்பெட்டியும் கத்தியும் குழந்தைக்கு எட்டக் கூடாது.

குடிநீர்ப் பானையை மூடி வையுங்கள். மற்ற தண்ணீர்த் தொட்டியையும் மூடுங்கள். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும்.

உயிரைக் காக்கும் பழக்கம்

மண்ணெண்ணெயை, பூச்சிமருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகம் எடுத்த குழந்தை எடுத்துக் குடித்துவிடும். பூச்சிமருந்தை அது வந்த டப்பாவிலேயே வைத்துப் பூட்டுங்கள். சமையல் இடத்தில் வைக்கவே கூடாது.

குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு பெட்டி

ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம், தடுப்பூசி அட்டை. எல்லாவற்றையும் ஒரே தகரப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் ஈரம் படாது. கறையானும் அரிக்காது.

பிறப்புச் சான்றிதழையும் அதில் வையுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்குச் சான்று அதுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒன்றை வெளியே எடுத்தால், யார் எடுத்தார் என்று அதில் எழுதுங்கள்.

எழுதி ஒட்டுவோம்

இப்போது நமக்கு எழுதத் தெரியும். உப்பு, சீனி, மிளகாய்த்தூள் என்று டப்பாவில் எழுதி ஒட்டுவோம். யாரும் சமைக்கலாம். வீட்டு வேலைகளையும் எழுதிச் சுவரில் ஒட்டுவோம்.

தண்ணீர் பிடிப்பது – அப்பா
சமைப்பது – அம்மா
வீடு கூட்டுவது – மகன்
காய் நறுக்குவது – மகள்
பாத்திரம் கழுவுவது – அப்பாவும் மகனும்
பாய் சுருட்டுவது – அவரவர்

“ஆம்பளை தண்ணிக் குடம் தூக்கினா ஊர் சிரிக்காதா?” என்று சிலர் கேட்பார்கள். குடத்தின் கனம் எல்லோருக்கும் ஒன்றுதான். தாகமும் எல்லோருக்கும் ஒன்றுதான். வேலையைப் பங்கு போட்டால் மகள் நேரத்துக்குப் பள்ளிக்குப் போவாள். அம்மாவும் அரை மணி நேரம் உட்கார்ந்து படிக்கலாம்.

பேசுவோம்

1. உங்கள் வீட்டில் தினமும் தேடும் பொருள் எது? அதற்கு எந்த இடம் சரி?
2. உங்கள் வீட்டில் அதிகம் வேலை செய்பவர் யார்? எந்த வேலையை மற்றவர் செய்யலாம்?

எழுதுவோம்

1. உங்கள் வீட்டு டப்பாக்களுக்கு 5 பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுங்கள்.
2. உங்கள் வீட்டு வேலைப் பட்டியலை எழுதுங்கள். எல்லோரும் கூடிப் பேசிப் பெயர்களை நிரப்புங்கள்.