தற்காப்பு: பத்திரமாக வீடு திரும்பக் கற்றுக்கொள்வோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாலை டியூஷன் முடிந்து திரும்பும்போது ஓர் இளைஞன் நான்கு நாட்கள் பைக்கில் பின்தொடர்ந்திருக்கிறான். "என் பின்னால் வராதே" என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் வழிமறித்துக் கையைப் பிடித்திருக்கிறான். எதிரே ஆட்டோ ஒன்று வரவே விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அத்தா, "இனி டியூஷனும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணனோ, "அவன் கையை முறித்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பியிருக்கிறான். தாய்க்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று எங்களிடம் கேட்டார்.

இந்தக் கேள்வி நம் எல்லா வீட்டுக்கும் உரியது. எனவே இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

தன் உயிரையும் குடும்பத்தையும் பொருளையும் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னதும் நாம் அறிந்ததே. ஆகவே முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு முரணானதல்ல. அதே சமயம், போரில்கூட வரம்பு மீறக் கூடாது என்று தடுத்த மார்க்கம் இது. காப்பதற்கு அனுமதி உண்டு. பழிதீர்க்கக் கிளம்புவதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

சட்டம் தரும் உரிமையும் எல்லையும்

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று: இந்த உரிமை நம் உடலுக்கு மட்டுமல்ல. தாக்கப்படும் வேறு எவரையும் காக்க இது பொருந்தும். அவர் நம் உறவினராக இருக்க வேண்டியதில்லை.

இரண்டு: அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கப்படுவோம் என்ற நியாயமான அச்சம் எழும்போதே உரிமை தொடங்கிவிடுகிறது. அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடுகிறது.

மூன்று: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், அமில வீச்சு போன்ற அச்சம் இருக்கும்போது மட்டுமே இந்த உரிமை எதிரியின் உயிர் போகும் எல்லைவரை செல்கிறது.

நான்கு: காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது.

இப்போது அந்த அண்ணனை நினைத்துப் பாருங்கள். வழிமறித்த நொடியில் அவன் அங்கே இருந்து தங்கையை விடுவித்திருந்தால் அது தற்காப்பு. மறுநாள் அந்த இளைஞனின் வீடு தேடிப் போய் அடித்தால் அது குற்றம். கம்பி எண்ணுவது இவனாக இருக்கும். தொந்தரவு செய்தவன் சாட்சிக் கூண்டில் நிற்பான். நம் இளைஞர்களுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

சட்டத்தின் பக்கம் வேறு வழி இருந்தது. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவர் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் பொருந்தக்கூடும். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே புகார் தரலாம்.

முதலில் கண், அடுத்து குரல், பிறகு கால்

தற்காப்பு என்றதும் பலருக்குக் கராத்தே உதைதான் நினைவுக்கு வருகிறது. ஆபத்து நேரத்தில் கை கடைசியாகத்தான் வர வேண்டும்.

கண்: நடக்கும்போது கைபேசியைப் பார்க்காதீர்கள். ஒருவன் பின்தொடர்வதாகத் தோன்றினால் தெருவின் மறுபக்கம் மாறிப் பாருங்கள். அவனும் மாறினால் நேராக வீட்டுக்குப் போகாமல், ஆள் இருக்கும் கடைக்குள் நுழைந்து வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

குரல்: இரண்டு கை நீளத்துக்குள் எவனையும் வர விடாதீர்கள். உள்ளங்கைகளை முன்னால் காட்டி, "நில்! கிட்டே வராதே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். சத்தம் போடாத பெண்பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று நாம் வளர்த்திருக்கிறோம். ஆபத்தில் சத்தம் போடுவது ஒழுக்கக் குறைவல்ல என்று பெற்றோரே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

கால்: வழி கிடைத்ததும் ஓட வேண்டும். ஓடக்கூடிய செருப்பை அணியுங்கள். மக்கனாவின் முனையைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிக்கொள்ளுங்கள். பிடித்து இழுக்க அதுவே வாட்டமாகிவிடும்.

கையைப் பிடித்துவிட்டால்

பயத்தில் எல்லோரும் கையை நேராகப் பின்னுக்கு இழுப்போம். பலசாலியிடம் அது பலிக்காது. பிடித்தவனின் பெருவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பிடியில் பலவீனமானது. ஓர் அடி அவன் பக்கமாக எடுத்துவைத்து, முழங்கையை மடக்கி, மணிக்கட்டை அந்த இடைவெளி வழியாகத் திருப்பி உருவுங்கள். விடவில்லையென்றால் குதிகாலால் அவன் பாதத்தில் ஓங்கி மிதியுங்கள். கெண்டைக்கால் எலும்பில் உதையுங்கள். பிடி தளர்ந்ததும் ஓடுங்கள். நின்று இன்னொரு அடி கொடுக்க நினைக்காதீர்கள்.

பைக்கில் வந்து சங்கிலியையோ பையையோ இழுத்தால் விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டால் சாலையில் இழுபட்டுப் போவீர்கள். பொருளைக் காக்க உரிமை உண்டு. அதற்காக உயிரைக் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. கத்தி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதைப் பிடுங்கி உங்கள் மீதே திருப்ப எதிரிக்கு ஒரு நொடி போதும்.

சிறு பிள்ளைகளுக்கு

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. ஆகவே "முன்பின் தெரியாதவரிடம் பேசாதே" என்பது மட்டும் போதாது. எவர் தொட்டது பிடிக்கவில்லையென்றாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம், அம்மாவிடம் உடனே சொல்லலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று பழக்குங்கள். யாராவது இழுத்துச் சென்றால் வெறுமனே அழாமல், "இவர் என் அத்தா இல்லை!" என்று கத்தச் சொல்லிக் கொடுங்கள். அழும் பிள்ளையை ஊர் கண்டுகொள்ளாது; இந்தச் சொல்லைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. 112 (அவசர உதவி), 181 (பெண்கள்), 1098 (குழந்தைகள்) ஆகிய எண்களையும் பெற்றோரின் கைபேசி எண்ணையும் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள்.

2. குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா கூட்டிவரச் சொன்னார்" என்று வருபவர் அதைச் சொல்லாவிட்டால் பிள்ளை உடன் போகக் கூடாது.

3. இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் கையை விடுவிக்கும் முறையையும் கத்துவதையும் பழகுங்கள். ஒரு நாள் முகாமில் கற்றது ஒரு மாதத்தில் மறந்துவிடும்; தினமும் பழகியதுதான் பயத்திலும் கைகொடுக்கும்.

4. சிலம்பமோ கராத்தேவோ கற்க வாய்ப்பிருந்தால் சேர்த்துவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் இருக்கிறாரா, தப்பிக்கும் முறைகளையும் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டுச் சேருங்கள்.

அந்தக் குடும்பத்தின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். நாங்கள் உடன் சென்று மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அத்தாவிடம், "தவறு செய்தவன் அவன், தண்டனை உங்கள் மகளுக்கா?" என்று மட்டும் கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் முதல் டியூஷன் முடியும் நேரத்தில் தெருமுனையில் அவரே வந்து நின்றார். மகள் படிப்பை விடவில்லை.

அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுத்தோம். தினமும் இரவில் தங்கையின் மணிக்கட்டை அவன் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவள் உருவிக்கொள்ள வேண்டும். சென்ற வாரம் அவன் வந்து, "இப்போதெல்லாம் என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை" என்றான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் அனைவரையும் தன் பாதுகாப்பில் வைப்பானாக. ஆமீன்.